ஜான்ஸிக்காக ஒரு நவநாள்

வாழக்குளம்
12 ஆகஸ்ட் 1994

அன்புள்ள சேச்சிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? மண்டியிடுவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவளுக்கு முழங்காலிலா வலி வர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் குட்டிச்சன் வருத்தப்பட்டார். உன் கைக்கு வருமுன் இதைப் படிக்கும் மதர் கன்ஸோலாட்டாவுக்கும் என் வணக்கம். மதர், என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டபாடில்லை. அன்னாசித் தோட்டத்தில் கால் வைக்க முடியவில்லை. மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மழைக்காலம் முடிந்துதான் ஆபரேஷன். அதுவரை வாரப் பத்திரிகையின் தொடர்கதையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். (மதர், அது மாமியாருக்காக மட்டும் வாங்குவது.) போன வாரம் பஸ் ஸ்டிரைக். கோட்டயத்திலிருந்து பத்திரிகை வரவில்லை. "மோளிக்குட்டி, ஆஸ்பத்திரியில கிடந்தாளே, அந்தப் பொண்ணு என்ன ஆனா? போய்ப் பாரேன், கடைக்கு வந்திருக்கும்" என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு. தாங்க முடியாமல் ஒரு பழைய இதழைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் வாசித்தேன். மாமியார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாளில் உண்மையான இதழ் வந்தது. வாசித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "என்னடீ இது கண்றாவி? போன வாரம் நல்லாத்தானே எழுதினான்? இந்த வாரம் குடிச்சிட்டு எழுதினானா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அடுப்படிக்குப் போன பிறகு ஒரு தைரியம் வந்தது. என்ன தைரியம் என்று பிறகு எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். இங்கே ஜான்ஸி என்று ஒரு பெண். இருபது வயது. யாக்கோபா சபைப் பையன் ஒருவனை விரும்புகிறாள். நம் கோயிலும் அவர்கள் கோயிலும் ஒரே கடைவீதியில் எதிரெதிரே இருந்து என்ன பிரயோஜனம்? கத்தோலிக்க வீட்டிலிருந்து யாக்கோபாக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவள் அப்பன் குதிக்கிறான். இப்போது அவள் மனசில் என்ன ஓடும் சேச்சி? உனக்குத் தோன்றுவதை எழுது.

அப்பச்சன் சுகம். பெற்ற மகள் உன்னைப் பார்க்க இந்த வருஷமும் வரவில்லை என்றுவிட்டார். உன் கடிதம் வந்ததா என்று மட்டும் கேட்டார்.

உன் பிரார்த்தனையில் எங்களை நினைத்துக்கொள்.
மோளிக்குட்டி


மடம், இரிட்டி வழி
20 செப்டம்பர் 1994

அன்புள்ள மோளிக்குட்டிக்கு,

கர்த்தரின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். நான் சுகம். முழங்காலுக்கு மதர் மூலிகைத் தைலம் தந்திருக்கிறார், மடம் முழுக்க வைத்தியசாலை வாசனை. மாமியாரின் கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

பேச அனுமதி உள்ள ஒரு மணி நேரத்தில் உன் பஸ் ஸ்டிரைக் கதையை மதர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பேசாமடம் என்று ஊரார் சொல்வார்கள். அன்று எங்கள் சிரிப்பு கேட்டுத் தோட்டக்காரர் வெளியிலிருந்து மணியடித்து என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

ஜான்ஸிக்காக மடம் முழுதும் அந்தோணியாருக்கு நவநாள் தொடங்கி, ஒன்பது நாள் ஜெபத்தில் இருக்கிறோம். வயதான சிஸ்டர் லிகோரியா, அந்தப் பெண்ணின் கல்யாணம் கூடிவரும்வரை காபி குடிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டுவிட்டார். காபி இல்லாமல் அவருக்குத் தலைவலி. தலைவலியோடு ஜெபிக்கிறார்.

நான் புறப்படும்போது ஜான்ஸி கைக்குழந்தையாக இருந்திருப்பாள். எந்த வீட்டுப் பெண் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவள் மனசில் என்ன ஓடும் என்று கேட்டிருந்தாய். ஒருத்தி மனசில் ஓடுவது இன்னொருத்திக்கு எப்படித் தெரியும்?

அப்பச்சனுக்கு என் அன்பைச் சொல். வற்புறுத்த வேண்டாம்.

உன் சேச்சி
சிஸ்டர் ஃபிதேலிஸ்


வாழக்குளம்
14 அக்டோபர் 1994

அன்புள்ள சேச்சிக்கும், முதலில் படிக்கும் மதருக்கும்,

இயேசுவுக்குப் புகழ். எல்லோரும் சுகம், என்னைத் தவிர. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தயவுசெய்து சிஸ்டர் லிகோரியாவுக்கு உடனே ஒரு காபி போட்டுக் கொடுங்கள். ஜான்ஸி என்று யாரும் இல்லை. நான் உண்டாக்கிய பெண். மாமியாருக்கு வாசித்துக் காட்டிய அன்று வந்த தைரியம் இதுதான். நான் ஒரு காதல் தொடர்கதை எழுதுகிறேன். குட்டிச்சன் லாரியில் அன்னாசி ஏற்றிக்கொண்டு கோட்டயம் போகும்போது, முதல் ஐந்து அத்தியாயங்களைப் பத்திரிகை ஆபீசில் கொடுக்கச் சொன்னேன். "நீ என்ன வேணா எழுது, என் பேரை மட்டும் இழுத்துடாத" என்றார். பழச்சாறு ஒட்டிய காகிதத்தையும் படித்திருக்கிறார்கள்! இந்த மாதம் முதல் வருகிறது. கதையின் பெயர் 'எதிரெதிர்க் கோயில்கள்'. என் பெயர் நீலிமா. இந்தப் பத்திரிகையைத் தொடாதே என்று போன ஞாயிறுகூட நம் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டில் குட்டிச்சனுக்கு மட்டும் தெரியும். மாமியாரிடம் மூச்சு விடவில்லை. இல்லாத பெண்ணுக்காக உங்கள் எல்லோரையும் முழங்காலில் நிற்க வைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். உனக்குக் கோபமா சேச்சி? கோபம் என்றால் அதையாவது எழுது.

மோளிக்குட்டி


மடம்
10 நவம்பர் 1994

அன்புள்ள மோளிக்குட்டி,

ஆண்டவரின் ஆசீர் உனக்கு உண்டாவதாக. சிஸ்டர் ஃபிதேலிஸ் சுகமாக இருக்கிறார். எழுத ஒன்றுமில்லை என்கிறார். ஆகவே மடத்துத் தலைவி என்ற முறையில் நானே எழுதுகிறேன்.

விஷயத்தைச் சிஸ்டர் லிகோரியாவிடம் சொன்னோம். "இல்லாத பொண்ணுக்கு வேண்டினா என்ன இப்போ? அதைக் கடவுள் இருக்கிற பொண்ணு எவளுக்காவது குடுத்துட்டுப் போறார்" என்றார். பிறகு இரண்டு டம்ளர் காபி குடித்தார். உன் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள். உங்கள் பங்குச் சாமியாரிடம் வேண்டாம், பக்கத்து ஊரில் செய்.

டிசம்பர் முதல் தேதி இருபத்தைந்து நோன்பு தொடங்குகிறது. நோன்பு நாட்களில் இங்கே கடிதம் வாங்குவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. கிறிஸ்மஸ் முடிந்ததும் எழுது. அந்தப் பத்திரிகை இங்கே வரக் கூடாது. ஆனால் அந்தப் பெண் கடைசியில் என்ன செய்தாள் என்பதை ஒரு தாளில் சுருக்கமாக எழுதுவதில் தவறில்லை. சகோதரிகள் கேட்கிறார்கள்.

மதர் கன்ஸோலாட்டா


வாழக்குளம்
3 ஜனவரி 1995

அன்புள்ள சேச்சிக்கும் மதருக்கும்,

பிறப்பு விழாவின் மகிழ்ச்சி உங்கள் எல்லோருக்கும் நிறையட்டும். மாமியாருக்கு ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு ராஜாபோல உட்கார்ந்திருக்கிறார். பத்திரிகையைத் தானே படிக்கிறார். "இந்த நீலிமா கெட்டிக்காரிடீ. ஆனா அழ வைக்கத் தெரியற அளவுக்கு இவளுக்குச் சிரிக்க வைக்கத் தெரியல" என்றார். மோரை எடுத்து வரும் சாக்கில் உள்ளே ஓடிவிட்டேன்.

மதர் கேட்ட சுருக்கம்: பையன் தன் மாமனை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வருகிறான். ஜான்ஸியின் அப்பன் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுகிறான். இனி கடைசி அத்தியாயங்கள். அவள் மடத்தில் சேர வேண்டும், கதவு சாத்திக்கொள்ள வேண்டும், பையன் மழையில் நிற்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார். வாசகர்கள் கதறுவார்களாம்.

என் பேனா அங்கே நின்றுவிட்டது சேச்சி. இனி மறைத்து என்ன? ஜான்ஸி நீதான். பையன் எல்தோதான். அந்த அப்பன் யார் என்பதும் உனக்குத் தெரியும். மடத்துக்குப் போக நீ ஜீப்பில் ஏறும்போது அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. நீ மனசு ஒடிந்துதான் போனாயா? அப்பச்சன் அன்று சரி என்று சொல்லியிருந்தால் நீ எங்களோடு இருந்திருப்பாயா? இது தெரியாமல் என்னால் முடிவை எழுத முடியாது.

உன் மோளிக்குட்டி


மடம்
25 ஜனவரி 1995

அன்புள்ள மோளிக்குட்டிக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். நான் சுகம். மிளகு இந்த வருஷம் அமோகம். பறித்து முற்றத்தில் காயப்போட்டிருக்கிறோம். சிஸ்டர் லிகோரியா குச்சியோடு உட்கார்ந்து காக்கை விரட்டுகிறார். காலிஃபிளவர் போட்டுப் பார்த்தோம், புழு விழுந்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை.

கதை எழுதுவது நல்ல காரியம். கதையின் முடிவு எழுதுகிறவள் இஷ்டம்.

சிஸ்டர் ஃபிதேலிஸ்


வாழக்குளம்
18 பிப்ரவரி 1995

அன்புள்ள சேச்சிக்கு,

இயேசுவுக்குப் புகழ். நலம் விசாரிக்கவும் பொறுமை இல்லை. 27-ஆம் தேதி ஐம்பது நோன்பு தொடங்கிவிடும், அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். மதர், இதை மட்டும் படித்த கையோடு கொடுத்துவிடுங்கள்.

நேற்று அப்பச்சன் வந்தார். மடியில் பத்திரிகையைச் சுருட்டிச் செருகியிருந்தார். கோயில் வாசலில் யாரோ சிரித்துக்கொண்டே கொடுத்தார்களாம். கப்பக்கிழங்கும் மீன்கறியும் வைத்தேன், தொடவில்லை. எழுதியது நான் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை. எதிரெதிரே இரண்டு கோயில், வாசலில் நிறுத்தி அனுப்பும் அப்பன் என்று படித்தவுடன் நம் வீட்டுக் கதை என்று புரிந்திருக்கும். அடி விழும் என்றுதான் நினைத்தேன், இந்த வயதில்! பத்திரிகையை மேசைமேல் வைத்து நீவிவிட்டார்.

"அந்த அப்பனை இன்னும் கொஞ்சம் மோசமா எழுதுடீ" என்றார். "அவன் இவ்வளவு நல்லவன் இல்ல."

அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷமாக அவர் ஏன் உன்னைப் பார்க்க வரவில்லை என்று இப்போதுதான் விளங்கியது. உன்னை மடத்துக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளியது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மிளகையும் காலிஃபிளவரையும் விடு சேச்சி. உண்மையைச் சொல். அவர்தான் காரணம் என்றாலும் சொல். நீ வேண்டாம் என்றால் ஒரு வரிகூட இனி எழுத மாட்டேன். கதை கிடக்கட்டும். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

மோளிக்குட்டி


வாழக்குளம்
2 ஏப்ரல் 1995

அன்புள்ள சேச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். இது மதரின் மேசை இழுப்பறையில் ஈஸ்டர்வரை தூங்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பிப்ரவரிக் கடிதம் நோன்புக்கு முன் சேர்ந்ததா இல்லையா? சேர்ந்தும் நீ எழுதவில்லையா? தினமும் தபால்காரர் வரும் நேரம் தோட்டத்து வேலியோரம் போய் நிற்கிறேன். அவருக்கே என்னைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. "அம்மா, அந்த மடத்துலேர்ந்து நோன்புல ஒண்ணும் வராதுன்னு உங்களுக்கே தெரியுமே" என்கிறார்.

ஆசிரியர் கடைசி அத்தியாயம் கேட்டுத் தந்தி கொடுத்தார். வேறு வழி தெரியாமல் ஜான்ஸிக்கு டைபாய்டு வரவழைத்துவிட்டேன். ஒரு மாதமாகப் படுத்திருக்கிறாள். ஒரு வாரம் காய்ச்சல் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். பத்தியம் சொல்லி வாசகர்கள் கடிதம் போடுகிறார்கள். பாலாவில் ஒரு நர்ஸ், மருந்து தப்பு என்று சண்டைக்கே வந்துவிட்டாள். மாமியார் பத்திரிகையைத் தூக்கி எறிந்து, "இந்த நீலிமாவுக்கு முடிவு தெரியல, அதான் பொண்ணைப் படுக்கப் போட்டிருக்கா" என்றார். என்ன பார்வை அந்தப் புதுக் கண்ணுக்கு!

அப்பச்சன் கோயிலுக்குப் போகிறார், வருகிறார், பேச்சு குறைந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது சேச்சி. எழுதத் தொடங்கியே இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

மோளிக்குட்டி


மடம்
17 ஏப்ரல் 1995

என் செல்ல மோளிக்குட்டி,

உயிர்த்த ஆண்டவரின் ஆனந்தம் உனக்கு! உன் பிப்ரவரிக் கடிதம் 27-ஆம் தேதி மத்தியானம் வந்ததாம். நோன்பு காலையிலேயே தொடங்கிவிட்டது. மதர் சட்டத்தை மீறுபவர் இல்லை. நேற்றுப் பாலப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டு முடித்த கையோடு இரண்டு கடிதத்தையும் கொடுத்தார். "முதல்ல உக்காரு, அப்புறம் படி" என்றார்.

அப்பச்சன் வராததற்குக் காரணம் அதுவா? மடத்துக்குப் போகாதே என்று சொல்லியும் போனேனே என்று என்மேல் கோபம் என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்! அதனால்தான் வற்புறுத்தாதே என்று எழுதுவேன். அவர் அங்கே தலை குனிந்திருக்க, நான் இங்கே தலை குனிந்திருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே நீயும் ஒரு வார்த்தை கேட்காமல் வளர்ந்துவிட்டாய்.

கேட்டுக்கொள். எல்தோ பெண் கேட்டு வருவதற்கு முந்தின மாதமே நான் அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல பையன்தான். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவன் வீட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசப் பேச, என் மனசு அங்கே உட்காரவே இல்லை. மடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குப் பதினாறு வயதிலேயே வந்துவிட்டது. அவன் நம்பவில்லை, மாமனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்பச்சன் வாசலில் நின்று கத்தியபோது நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு இன்னும் நினைவிருக்கிறது.

அழுதேனே என்கிறாய். பிறந்த வீட்டை விட்டுப் போகிற எந்தப் பெண் அழமாட்டாள்? கல்யாணத்தன்று நீயும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுததாகத்தான் நம்மைப் பெற்ற அம்மச்சி எழுதினார். உன்னை யாரும் துரத்திவிட்டதாக ஊர் சொல்லவில்லையே! எனக்கு மட்டும் காதல் தோல்வி என்று நீங்களே முடிவு செய்து, எல்லோரும் அவ்வளவு இரக்கமாக இருந்தீர்கள். அந்த இரக்கத்துக்கு நடுவே நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஜனவரியில் நீ கேட்டபோதும் அதனால்தான் காலிஃபிளவரில் ஒளிந்துகொண்டேன். அழுகிற ஜான்ஸியைத்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

இதை மதர் படித்துவிட்டு, "இன்னும் தெளிவா எழுது, அந்த மனுஷன் படிச்சா சந்தேகமே வரக்கூடாது" என்று திருப்பிக் கொடுத்தார். ஆகவே தெளிவாக எழுதுகிறேன். அப்பச்சா, நீங்கள் என்னை எங்கும் தள்ளவில்லை. நானே நடந்து வந்தேன். சந்தோஷமாக இருக்கிறேன்.

மோளிக்குட்டி, நீ எழுது. பாவம், அந்தப் பெண்ணைக் கட்டிலைவிட்டு எழுப்பு.

உன் சேச்சி
உன் பழைய த்ரேசியாம்மா


வாழக்குளம்
12 மே 1995

என் தங்கமான சேச்சிக்கும், சட்டத்தை மீறாத மதருக்கும்,

ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். நாங்கள் எல்லோரும் சுகம், இம்முறை நிஜமாகவே சுகம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமலே அப்பச்சனிடம் ஓடினேன். உனக்குத் தெரியுமே, நான் வாசித்தால் இல்லாததையும் சேர்த்து வாசிப்பேன். அதனால் அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டி இரண்டு முறை படித்தார். அழுவார் என்று பார்த்தால், எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "இத்தனை வருஷமா அந்த எல்தோ எதிர்ல வந்தா நான் வேற தெருவுல போறேன்டீ!" என்று கத்திக்கொண்டே கடைவீதிக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

எல்தோ தன் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வழுக்கை, மூன்று பெண் குழந்தைகள். அப்பச்சன் கல்லாவில் கையை ஊன்றி, "ஏன்டா, என் பொண்ணு உன்னை வேணாம்னு சொன்னாளாமே? நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார்.

எல்தோ தராசைக் கீழே வைத்தார். "அப்பச்சா, நீங்க வேணாம்னு சொன்னதா இருந்தா எனக்கு ஊர்ல மரியாதை. அவ வேணாம்னு சொன்னான்னா அப்புறம் எனக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அப்பச்சன் சிரித்தார் சேச்சி. கல்லாவில் தலையை வைத்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கடைசியில் அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எல்தோ தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அன்றே ஜான்ஸியை எழுப்பிவிட்டேன். அவள் வாசலுக்கு வந்து, அப்பனை நகரச் சொல்லிவிட்டு, பையனிடம் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்கிறாள். மடத்துக்குப் போகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். "காதல் கதையில பொண்ணே வேணாம்னு சொன்னா யாரும்மா படிப்பா?" என்று ஆசிரியர் டெலிபோனில் அலறினார். அதுதான் முடிவு, இல்லையென்றால் மறுபடி டைபாய்டு என்றேன். போட்டுவிட்டார். மாமியார் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இப்பதான் உன்ன மாதிரி எழுதியிருக்கா" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு நாளாகத் தெரியுமோ, கிழவிக்கு! அடுத்த கதை கேட்டுப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

27-ஆம் தேதி சனிக்கிழமை குட்டிச்சனின் லாரியில் நானும் அப்பச்சனும் புறப்படுகிறோம். மதர், அனுமதி வேண்டும். ஒரு வாரமாக வேட்டிக்குக் கஞ்சி போடச் சொல்லிப் படுத்துகிறார். இன்று காலை என்னிடம், "அந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தா, நான் பேசறது அவளுக்குக் கேக்குமா?" என்றார்.

"நல்லாக் கேக்கும் அப்பச்சா."

"அப்ப பக்கத்துல யாரும் இருக்க வேணாம்னு மதர்கிட்ட எழுது. நான் அவளை வாய் ஓயற வரைக்கும் திட்டணும்."

உன் மோளிக்குட்டி